ஒட்டகத்தின் தடமும் மருத்துவரின் கைத்தடியும்: ஒரு கதைமாந்தர் மரபின் வரலாறு

சென்ற ஆண்டு இச்சொற்பொழிவு வரிசையின் ஒரு மாலைக் கூட்டம் முடிந்த பின், உயர்நிலை நான்கில் பயிலும் மாணவி ஒருவர் நம்மை அணுகி ஒரு வினாவை எழுப்பினார். 'ஹவுஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை அவர் முழுமையாகப் பார்த்து முடித்திருந்தார். அதன் நாயகர் மருத்துவர் கிரெகரி ஹவுஸைப் போன்ற வேறு கதைமாந்தர் யார், அவர்களை எங்கே படிக்கலாம் என்பதே வினா. தாம் கணினியில் தேடிப் பார்த்ததாகவும் அவர் சொன்னார். கைத்தடி ஊன்றும் மருத்துவர்கள், கடுஞ்சொல் பேசும் மருத்துவர்கள், வலிநீக்கி மாத்திரைக்கு அடிமையான மருத்துவர்கள் என்று ஒரு நீண்ட பட்டியல் கிடைத்ததாம். 'எல்லாரும் அவரைப் போலத்தான் இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் அவரைப் போல இல்லை' என்றார்.

அன்று நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. இரண்டொரு பெயர்களைச் சொல்லி அனுப்பிவிட்டோம். வீடு திரும்பிய பிறகுதான் அவ்வினா எத்துணை ஆழமுடையது என்பது புலப்பட்டது. இக்கட்டுரை அதற்குக் காலந்தாழ்ந்து அளிக்கும் மறுமொழி.

ஒருவர் இன்னொருவரைப் போல இருக்கிறார் என்று நாம் சொல்லும்போது இருவேறு பொருள்களில் சொல்கிறோம். கடைத்தெருவில் எதிர்ப்படும் முன்பின் அறியாத ஒருவர் நம் மாமாவைப் போலத் தோன்றலாம். அது தோற்ற ஒப்புமை. நம் மாமாவின் பேரன் முகத்தில் வேறுபட்டும், நடையிலோ சிரிப்பிலோ மாமாவாகவே இருக்கலாம். அது வழிவந்த ஒப்புமை. கணினி தந்த பட்டியல் முதல் வகையைச் சார்ந்தது. மாணவி தேடியதோ இரண்டாம் வகையை. நூல்களுக்கு இத்தகைய உறவுமுறை வகுப்பது தமிழுக்குப் புதிதன்று. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நன்னூலார் பகுத்துரைத்தார். வழிநூல் எவ்வெவ்வாறு அமையும் என்று வகைப்படுத்திய தொல்காப்பியர், மொழிபெயர்ப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். நூல்களுக்குரிய இப்பகுப்பைக் கதைமாந்தர்க்கும் பொருத்திப் பார்ப்பதில் தடையேதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

'ஹவுஸ்' தொடர் 2004ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று தொடங்கி, எட்டுப் பருவங்களாக 177 பகுதிகள் ஒளிபரப்பாகி, 2012 மே 21இல் நிறைவுற்றது. அதை உருவாக்கியவர் டேவிட் ஷோர். நாயகராக நடித்தவர் ஹியூ லாரி. நியூ ஜெர்சியில் ஒரு கற்பனை மருத்துவமனை. பிற மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகள். நோய்க்குறிகளை வெண்பலகையில் எழுதி வைத்து இளம் மருத்துவர்களோடு வாதிடும் ஒரு மூத்த மருத்துவர். நோயாளி பேசுவதை நம்பாமல் அவர் உடல் பேசுவதை நம்புபவர்.

இவர் யாருடைய வழிவந்தவர் என்பதைத் தொடரை ஆக்கியோர் மறைக்கவில்லை. மறைக்காதது மட்டுமன்று, அங்கங்கே அடையாளமும் இட்டு வைத்தார்கள். ஹோம்ஸ் என்னும் பெயர் ஆங்கிலச் செவிக்கு 'இல்லங்கள்' என்று ஒலிக்கும். அதற்கு ஈடாக 'வீடு' என்று பொருள்படும் ஹவுஸ். வாட்சனுக்கு ஈடாக நண்பர் வில்சன். அவர் குடியிருக்கும் வீட்டின் எண், பேக்கர் தெருவில் ஷெர்லாக் ஹோம்ஸ் குடியிருந்த அதே 221பி. ஹோம்ஸுக்குக் கொக்கைன், இவருக்கு வலிநீக்கி மாத்திரை. அவருக்கு வயலின், இவருக்குப் பியானோவும் கிதாரும். முதற்பகுதியில் வரும் நோயாளியின் குடும்பப் பெயர் ஆட்லர்; ஹோம்ஸை வென்ற பெண்ணாகிய ஐரீன் ஆட்லரை நினைவூட்டுவது. இரண்டாம் பருவத்தின் இறுதியில் அவரைச் சுடுபவனின் பெயர், ஹோம்ஸின் பெரும்பகைவனான மோரியார்ட்டியின் பெயர். தொடரின் கடைசிப் பகுதியில் ஹவுஸ் தாம் இறந்ததாக உலகை நம்பவைப்பதும், அருவிக்கரையில் மடிந்ததாகக் கருதப்பட்டுத் திரும்பி வந்த ஹோம்ஸின் எதிரொலியே. நியூயார்க் டைம்ஸ் வார இதழில் மருத்துவர் லிசா சாண்டர்ஸ் எழுதிவந்த நோய்நாடல் பத்தியும் இத்தொடருக்கு ஊற்றாயிற்று. நோய்கள் அங்கிருந்து வந்தன. மனிதர் பேக்கர் தெருவிலிருந்து வந்தார்.

துப்பறிவாளரை மருத்துவராக்கியது புதுமை என்று பலர் எழுதினர். வரலாறு வேறாகச் சொல்கிறது. ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில் 1876இல் எடின்பரோவில் மருத்துவம் பயிலச் சேர்ந்தவர். அங்கே அறுவை மருத்துவர் ஜோசப் பெல் அவருடைய ஆசான். புறநோயாளர் பிரிவில் பெல்லுக்கு உதவியாளராக இருக்கும் வாய்ப்பு டாயிலுக்குக் கிட்டியது. நோயாளி வாய் திறக்குமுன்னே அவர் தொழில், ஊர், அண்மையில் நடந்து வந்த வழி ஆகியவற்றைப் பெல் சொல்லிவிடுவாராம். டாயில் தம் தன்வரலாற்றில் விவரிக்கும் ஒரு நிகழ்வு புகழ்பெற்றது. உள்ளே வந்த ஒருவரைப் பார்த்த அளவில், இவர் ஸ்காட்லாந்து மேட்டுநிலப் படைப்பிரிவிலிருந்து அண்மையில் விடுபட்டவர், பார்படோஸ் தீவில் பணியாற்றியவர் என்றார் பெல். மாணவர்கள் திகைத்தனர். பிறகு விளக்கம் வந்தது. மரியாதை தெரிந்த மனிதர், ஆயினும் தொப்பியைக் கழற்றவில்லை, படையில் கழற்றுவதில்லை, விடுபட்டு நெடுநாள் ஆகியிருந்தால் குடிமக்கள் வழக்கம் படிந்திருக்கும். அவருக்கு வந்திருந்ததோ யானைக்கால் நோய்; அது மேற்கிந்தியத் தீவுகளில் காணப்படுவது. விளக்கம் கேட்ட பின், இவ்வளவுதானா என்று தோன்றும். கேட்பதற்கு முன் மந்திரமாகத் தோன்றும்.

1892இல் நூலாக வந்த ஹோம்ஸ் கதைத் தொகுதியைப் பெல்லுக்கே டாயில் காணிக்கையாக்கினார். ஆக, மருத்துவரிடமிருந்து துப்பறிவாளர் பிறந்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின் அத்துப்பறிவாளர் மீண்டும் வெள்ளை அங்கிக்காரர்களின் உலகிற்குத் திரும்பினார். ஹவுஸ் வெள்ளை அங்கி அணிய மறுப்பவர் என்பதை ரசிகர்கள் சுட்டிக்காட்டக்கூடும். ஒப்புக்கொள்கிறோம்.

ஹோம்ஸுக்கும் முன்னோர் உண்டு. 1841இல் எட்கர் ஆலன் போ எழுதிய பாரிஸ் நகரக் கொலைக்கதையில் டூப்பேன் என்னும் துப்பறிவாளர் தோன்றுகிறார். அவருடைய அறிவைக் கண்டு வியந்து கதை சொல்லும் பெயரில்லாத் தோழர் ஒருவரும் உடன் வருகிறார். வாட்சனுக்கு அவரே முன்னோடி. பிரான்சில் எமில் காபோரியோ 1866இல் லெகாக் என்னும் காவல் துப்பறிவாளரை அறிமுகப்படுத்தினார். 1887இல் வெளிவந்த முதற் புதினத்தில் வாட்சன் இவ்விருவரையும் குறிப்பிட, ஹோம்ஸ் இருவரையும் இகழ்ந்து பேசுகிறார். உடன் நடப்பவரின் எண்ண ஓட்டத்திற்குள் திடீரெனப் புகுந்து விடை சொல்லும் டூப்பேனின் வித்தை வெறும் பகட்டு என்கிறார். சில ஆண்டுகள் கழித்து, வேறொரு கதையில், அதே வித்தையை வாட்சனிடம் தாமே செய்து காட்டுகிறார். தந்தையை மறுத்துப் பேசிய மகன் தந்தையின் கைவண்ணத்தையே காட்டி நிற்பது குடும்பங்களில் நாம் காண்பதுதான். ஒப்புமையைத் தேடும் மாணவர்கள் இத்தகைய மறுப்புகளை உற்றுநோக்க வேண்டும். ஒரு கதைமாந்தர் யாரை இகழ்கிறாரோ அவர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பார்.

டூப்பேனுக்கு அப்பால் போனால் காவல்துறையும் இல்லை, கொலையும் இல்லை. ஆனால் நாம் தேடும் மனிதர் இருக்கிறார். வோல்த்தேர் 1740களில் எழுதிய 'சாதிக்' என்னும் கதையின் நாயகன் பாபிலோனில் வாழும் இளைஞன். அரசியின் நாயும் அரசனின் குதிரையும் காணாமற்போகின்றன. சாதிக் அவற்றைக் கண்ணால் கண்டதில்லை. மணலில் பதிந்த தடத்தைக் கொண்டு, அது அண்மையில் குட்டி ஈன்ற பெண்நாய், முன்னங்கால் ஒன்று நொண்டி, காதுகள் நீண்டவை என்கிறான். குதிரைக்கும் அவ்வாறே. விளைவு என்ன? திருடன் என்று பிடித்துச் செல்கிறார்கள். விலங்குகள் கிடைத்த பிறகும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று பொய் சொன்னதாக 400 அவுன்ஸ் பொன் தண்டம். விளக்கத்தைக் கேட்டு மகிழ்ந்து தண்டத்தைத் திருப்பித் தரும்போது, வழக்குச் செலவுக்கென்று 398 அவுன்ஸை நீதிமன்றத்தார் பிடித்துக்கொள்கிறார்கள். இனி எதையும் சொல்வதில்லை என்று வாய்மூடி இருந்தவனுக்கு, சன்னல் வழியே தப்பியோடிய கைதியைக் கண்டும் சொல்லாததற்காக மீண்டும் 500 அவுன்ஸ் தண்டம் விதிக்கப்படுகிறது. 1880இல் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லி, புதைபடிவ ஆய்வும் நிலவியலும் சாதிக்கின் வழிமுறையையே பின்பற்றுகின்றன என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார்.

வோல்த்தேருக்கும் இது சொந்தச் சரக்கன்று. 1557இல் வெனிஸ் நகரில் 'செரந்தீப் அரசனின் மூன்று இளமைந்தர்' பயணக்கதை இத்தாலிய மொழியில் அச்சாயிற்று. செரந்தீப் என்பது அரபு, பாரசீக வழக்கில் இலங்கைக்குப் பெயர். அதற்கும் முன்னே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிக் கவிஞர் அமீர் குஸ்ரு தம் பாரசீகக் காப்பியம் ஒன்றில் இக்கதையைப் பாடியிருந்தார். காணாமற்போன ஒட்டகத்தை மூன்று இளவரசர்கள் பாராமலே விவரிக்கிறார்கள்: ஒற்றைக்கண், ஒரு பல் இல்லை, ஒரு கால் நொண்டி. யூதர்களின் தல்மூது நூலிலும் ஒற்றைக்கண் ஒட்டகம் ஒன்று நடந்து போகிறது. இந்த இளவரசர் கதையை நினைவில் கொண்டுதான் ஹொரேஸ் வால்போல் 1754இல் எழுதிய மடலில், தேடாததைத் தற்செயலாகக் கண்டடையும் திறத்திற்கு 'செரண்டிபிட்டி' என்னும் சொல்லை ஆக்கினார். அம்மடலில் ஒட்டகம் கோவேறு கழுதையாகிவிட்டது என்பது வேறு கதை.

தமிழிலும் அந்த ஒட்டகம் நடந்திருக்கிறது. அளகாபுரியை ஆண்ட அளகேசன் என்னும் மன்னனும் அவனுடைய நான்கு அமைச்சர்களும் இடம்பெறும் அளகேச கதையைச் சிறுவர் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் இருக்கலாம். ஒட்டகத்தைத் தொலைத்த வணிகன் ஒருவன் வழியில் நான்கு இளைஞர்களைக் காண்கிறான். ஒருவன், 'உன் ஒட்டகத்துக்கு ஒரு கால் நொண்டியா?' என்கிறான். இன்னொருவன், 'வலக்கண் குருடா?' என்கிறான். மூன்றாமவன், 'வால் குட்டையா?' என்கிறான். நான்காமவன், 'அதற்கு வயிற்றுவலியா?' என்கிறான். நான்கும் உண்மை. ஆகவே இவர்களே திருடர்கள் என்று முடிவு கட்டி மன்னனிடம் இழுத்துச் செல்கிறான் வணிகன். அங்கே விளக்கம் வெளிப்படுகிறது. மூன்று காலடிகளே தெளிவாகப் பதிந்திருந்தன. பாதையின் ஒரு பக்கத்து இலைகளே மேயப்பட்டிருந்தன. ஈயும் கொசுவும் கடித்ததால் சிந்திய குருதித் துளிகள் தரையில் கிடந்தன. நீண்ட வாலாயின் அவற்றை ஓட்டியிருக்கும். முன்னங்கால்கள் அழுத்தமாகவும் பின்னங்கால்கள் பட்டும் படாமலும் பதிந்திருந்தன. வயிற்றை வலியால் இறுக்கிக்கொண்ட விலங்கின் நடை அது. மன்னன் மகிழ்ந்து நால்வரையும் அமைச்சராக்கிக்கொள்கிறான்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் ஓர் எச்சரிக்கையை மாணவர்க்கு உணர்த்துவது நலம். ஷெர்லாக் ஹோம்ஸ் தமிழ்க் கதையிலிருந்து பிறந்தவர் என்று மேடையில் முழங்கினால் கைத்தட்டல் கிடைக்கும், சான்று கிடைக்காது. ஒட்டகக் கதை பல மொழிகளில், பல சமயத்தார் நடுவே, வணிகப் பாதைகளின் ஓரமாக உலவிய கதை. முதலில் எங்கே சொல்லப்பட்டது என்று உரிமை கொண்டாடும் நிலையில் நாம் இல்லை. டாயில் தம் கடன்களாகக் குறிப்பிட்டவை போவும் காபோரியோவும் பெல்லும் மட்டுமே. நாம் துணிந்து சொல்லக்கூடியது இதுதான்: மேலை நாட்டுத் துப்பறியும் கதை இங்கே வந்து சேர்ந்தபோது, வந்த விருந்தாளியின் முகச்சாயலை அடையாளங்காணும் ஒரு வீடு தமிழில் முன்பே இருந்தது. முகத்தையும் மௌனத்தையும் படிக்கும் ஆற்றலுக்குத் திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்னும் ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: அரசவைக்கு 71ஆவது, காதலுக்கு 110ஆவது. மெய்ப்பாட்டை உணர்வது கூர்ந்த கண்ணும் செவியும் உடையார்க்கே இயலும் என்று தொல்காப்பியரும் கருதினார்.

இனி மாணவியின் வினாவிற்கு வருவோம். ஹவுஸையும் சாதிக்கையும் அளகாபுரி இளைஞரையும் பிணைப்பது எது? கூர்மதி என்றால் போதாது. கூர்மதி உடைய கதைமாந்தர் ஆயிரம் பேர். இவர்கள் எல்லாருக்கும் நேர்வது ஒன்று உண்டு. பிறர் காணாததைக் கண்டு சொன்னதனாலேயே ஐயத்திற்கு ஆளாகிறார்கள். அறிந்தவன் குற்றவாளியாக நிறுத்தப்படுகிறான். ஹோம்ஸுக்கும் இது நேர்கிறது. 1890இல் வந்த இரண்டாம் புதினத்தில், வாட்சன் தந்த பழைய கைக்கடிகாரத்தைப் பார்த்து, அதை வைத்திருந்த அண்ணன் குடியால் அழிந்தவர் என்று ஹோம்ஸ் உரைக்கிறார். வாட்சன் துடித்தெழுந்து, தம் குடும்பத் துயரத்தை எங்கோ விசாரித்து அறிந்துகொண்டு வித்தை காட்டுவதாகக் குற்றஞ்சாட்டுகிறார். உயிர்த்தோழனே அவ்வாறு நினைக்கிறான். ஹவுஸ் தொடரில் மருத்துவமனைக் குழுக்களும் காவல்துறையும் வழக்கறிஞர்களும் அவரை இடைவிடாது துரத்துவதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கைத்தடியும் மாத்திரையும் புறக்கோலம். அறிந்ததற்காகத் தண்டம் கட்டுவதே உள்ளுறை.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ்த் துப்பறிவாளர்களைப் பார்த்தால் சில வியப்புகள் காத்திருக்கின்றன. தமிழின் முதல் துப்பறியும் நூலாக ஆய்வாளர் பலரும் குறிப்பிடுவது, 1894இல் பண்டித ச. ம. நடேச சாஸ்திரி எழுதிய 'தானவன்'. நாயகன் ஒரு போலீஸ் நிபுணன். இந்த நடேச சாஸ்திரி யார்? தொல்லியல் துறையில் பணியாற்றியவர். தென்னிந்திய நாட்டார் கதைகளைத் தொகுத்தவர். அளகேச கதையை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். 1889இல் கிளௌஸ்டன் என்பார் வெளியிட்ட கீழைநாட்டுக் கதைத் தொகுதியில் அப்பெயர்ப்பு இடம்பெற்றிருக்கிறது. ஒட்டகத்தின் தடத்தை ஆங்கிலத்திற்குக் கொடுத்த அதே கை, ஐந்தாண்டு கழித்துப் போலீஸ் நிபுணனைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. தமிழ்த் துப்பறியும் இலக்கியம் வெறும் இரவல் என்று ஒரு வாக்கியத்தில் ஒதுக்குவோர் இந்தச் செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். 'தானவன்' வந்த ஆண்டில், முந்தைய டிசம்பரில் டாயில் கொன்றுவிட்டிருந்த ஹோம்ஸ் இன்னும் உயிர்த்தெழவில்லை என்பது ஒரு தற்செயல்.

அதன்பின் வந்தவர்களில் பெரும்பாலோர் நம் அளவுகோலுக்கு முழுதும் பொருந்துவதில்லை. 1908இல் வெளிவந்த 'இராஜாம்பாள்' புதினத்தால் பெயர்பெற்ற ஜே. ஆர். ரங்கராஜுவின் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்தசிங் ஆகியோர் தீயோரைத் தண்டித்து நல்லோரைச் சேர்த்து வைக்கும் காவலர்கள். மாறுவேடம் அவர்களுடைய பெருங்கருவி. ஐயத்திற்கு ஆளாவது அரிது. தமிழ்வாணனின் சங்கர்லால் தேநீர் அருந்தியபடி உலகின் பல நகரங்களில் குற்றங்களைத் துலக்குகிறார். அவர் சொல்லை எவரும் மறுப்பதே இல்லை. அன்றைய இளைஞர்கள் அவரை விரும்பியதற்கும், இன்றைய மாணவர்கள் அவரிடம் ஹவுஸைக் காணாததற்கும் அதுவே காரணம் என்பது நம் கருத்து.

இம்மரபை உண்மையில் புரிந்துகொண்டு தலைகீழாக்கியவர் தேவன். 1942இல் ஆனந்த விகடனில் தொடங்கிய 'துப்பறியும் சாம்பு' நாயகர், வங்கியில் குமாஸ்தாவாக இருந்து வேலையை இழந்தவர். உலகம் அசடு என்று முடிவுகட்டிய மனிதர். ஏதோ உளறுகிறார், எங்கோ தடுக்கி விழுகிறார், குற்றவாளி அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் மெய்சிலிர்க்கிறார். வால்போல் செரந்தீப் இளவரசரிடம் கண்டவை இரண்டு: தற்செயல், கூர்மை. சாம்புவிடம் தற்செயல் மட்டும் இருக்கிறது. கூர்மையை ஊரார் தாமே கற்பித்துக்கொள்கிறார்கள். அறிந்தவனைக் கள்வன் என்று ஐயுற்ற அளகாபுரி வணிகனின் கண்ணாடிப் பிம்பம் இவ்வூரார்: அறியாதவனை மேதை என்று நம்புகிறார்கள். நகைச்சுவைக் கதை என்று சாம்புவை ஓரமாக வைப்பது நியாயமன்று.

சுஜாதாவின் வழக்கறிஞர் கணேஷ் 1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் அறிமுகமானவர். பின்னர் 'ப்ரியா'வில் வசந்த் வந்து சேர்ந்தபின், ஹோம்ஸ் வாட்சன் இணையின் இயல்புகள் இருவரிடையே மாறிப் பங்கிடப்பட்டன. நிதானம் மூத்தவருக்கு, குறும்பும் நாவடக்கமின்மையும் இளையவருக்கு. ஹவுஸின் நாக்கைத் தேடுவோர் வசந்திடம் போகவேண்டும். மூளையைத் தேடுவோர் கணேஷிடம். ஒருவரிடம் இருந்ததை இருவராகப் பிரித்ததால், கசப்பு குறைந்து கலகலப்பு கூடிற்று. இலண்டனில் நடக்கும் 'ப்ரியா'வை 1978இல் திரைப்படமாக்கியபோது கதைக்களம் சிங்கப்பூருக்கு மாறியதை மூத்தோர் நினைவுகூர்வர்.

இவ்வளவையும் சுருக்கி ஐந்து பெயர்களாக ஒரு தாளில் எழுதி அம்மாணவியிடம் கொடுத்தோம்: ஹோம்ஸ், டூப்பேன், சாதிக், சங்கர்லால், கணேஷ். சாம்புவைச் சேர்க்கத் தயங்கி விட்டுவிட்டோம். அளகாபுரிக் கதையை வாய்மொழியாக மட்டும் சொன்னோம். மூன்று மாதங்களுக்குப் பின் தாள் திரும்பி வந்தது. சங்கர்லால் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அருகே, 'இவரை எல்லாரும் நம்புகிறார்கள்' என்று சிறு எழுத்தில் ஒரு குறிப்பு. கீழே புதிதாக ஆறாவது எண்ணிட்டு, 'நான்கு பேர், அமைச்சர் ஆவதற்கு முன்' என்று எழுதியிருந்தார்.